ஜெய்சங்கர் மாட்டிய எஸ்.எஸ்.டி.

என் வீட்டுக்காரர் ஜெய்சங்கர் எந்தப் பொருளையும் அதன் பிளாஸ்டிக் உறையோடுதான் பயன்படுத்துவார். எங்கள் வீட்டு டி.வி. ரிமோட் கடையிலிருந்து வந்த கவருக்குள்ளேயே இன்னும் இருக்கிறது. சத்தத்தைக் கூட்ட வேண்டுமென்றால் கவரின் மேல் நகத்தால் குத்த வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை ஒருநாள் நான் சுரண்டி எடுத்துவிட்டேன். அதற்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி போய்விடுமாம். எங்கள் மகள் ரேஷ்மா பால்வாடிக்குப் போகும்போதே அந்த ஃபிரிட்ஜின் வாரண்டி முடிந்துவிட்டது, இப்போது அவள் ஒன்பதாவது படிக்கிறாள் என்று சொன்னேன்.

"இருந்தாலும் ஸ்டிக்கர் இருக்கிறது ஒரு பாதுகாப்பு" என்றார்.

இப்படிப்பட்டவரோடு காட்டூரில் குடித்தனம் நடத்துகிறேன். ஆள் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, வெளியில் போனால் நேரத்துக்கு வீடு திரும்புவார். துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். மெஷின் எதுவும் நின்றுபோனால் முதலில் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் ஒரு கேள்வி கேட்டால் ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். "பாப்போம்" என்பார். பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று என் மாமா கேட்டதற்கும் அதைத்தான் சொன்னாராம். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இன்னொன்று, அவருடைய பொட்டு. தொழிற்சாலையில் ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்குப் பொட்டு வைப்பது பல வருஷமாக அவர் வேலை. சந்தனக் கிண்ணத்தோடு லேத்துக்கு, டிரில்லிங் மெஷினுக்கு, கிரைண்டருக்கு என்று வரிசையாகப் போவார். கிரேன் கொக்கிக்குப் பொட்டு வைக்க ஏணி போட்டு ஏறுவார். அதே கையோடு வீட்டுக்கு வந்து இங்கேயும் ஆரம்பித்துவிடுவார். இன்வெர்ட்டர், மிக்ஸி, ஸ்கூட்டர், மோட்டார் சுவிட்சு என்று எதுவும் தப்பாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் லேப்டாப்பின் ஸ்பீக்கர் ஓட்டைகள் மேல் ஈரச் சந்தனத்தை அப்பிவிட்டார். அன்றிலிருந்து அதில் யார் பேசினாலும் ஜலதோஷம் பிடித்தவர் குரலில்தான் கேட்கும். இனிமேல் லேப்டாப் பக்கம் சந்தனக் கிண்ணத்தோடு வரக்கூடாது என்று அன்றைக்கே சத்தம் போட்டு வைத்தேன்.

பூஜையில் அவரவர் ஆயுதத்தை வைப்போம். அவருடைய ஸ்பேனர் செட், ரேஷ்மாவின் புத்தகங்கள். என் பங்குக்கு அருவாமனையும் காய்கறிக் கத்தியும். ஒரு வருஷம் மனசு கேட்காமல் கேட்டேன்.

"இதுதான் என் ஆயுதமாங்க?"

"பின்ன, வேற என்ன இருக்கு?" என்றார்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. வேறு என்ன இருக்கிறது என்று நிஜமாகவே யோசித்துப் பார்த்துத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் தில்லைநகரில் ஒரு டிசைன் ஆபீசில் பைப் லைன்களுக்கு டிராயிங் போட்டுக்கொண்டிருந்தவள் நான். எந்தக் குழாய் எங்கே வளைந்து எந்த வால்வில் சேர வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் வரைகிற வேலை. ரேஷ்மா பிறந்தபோது நின்றேன். கொஞ்ச நாள்தான் என்று நினைத்து நின்றது அப்படியே நின்றுவிட்டது.

போன செப்டம்பரில், அந்த ஆபீசில் எனக்கு ஜூனியராக இருந்த தேவதர்ஷினி ஃபோன் பண்ணினாள். இப்போது ஸ்ரீரங்கத்தில் சொந்தமாக டிசைன் ஆபீஸ் நடத்துகிறாள்.

"அக்கா, ஆள் கிடைக்காம அல்லாடிட்டு இருக்கேன். நீங்க வீட்டிலேருந்தே டிராயிங் போட்டுத் தரலாம். ஆனா உங்க லேப்டாப் தாங்கணும்."

என் லேப்டாப், ரேஷ்மாவின் ஆன்லைன் கிளாசுக்காக வாங்கியது. அதில் இடமெல்லாம் நிரம்பி, எந்நேரமும் சிவப்புக் கோடு காட்டிக்கொண்டிருந்தது. மாடல் நம்பரைச் சொன்னேன். தேவதர்ஷினி பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இதுக்குள்ள ஒரு ஸ்லாட் காலியா இருக்கும்க்கா. எஸ்.எஸ்.டி.ன்னு ஒரு டிரைவ், ஃபைல் எல்லாம் சேத்து வைக்கிறது, அதை வாங்கி அதுல சொருகிட்டா போதும். பழசு பாட்டுக்கு இருக்கட்டும், புதுசுல நம்ம சாஃப்ட்வேரைப் போட்டுக்கலாம். விஜயதசமி அன்னைக்குக் காலையில கொண்டாந்துடுங்க. மதியம் நமக்கு வேலை குடுக்குற கம்பெனிக்காரங்க ஆன்லைன்ல வருவாங்க. உங்க மெஷின்ல பைப் லைன் மாடலைத் திறந்து நீங்க வேலை பண்றதை அவங்க பாக்கணும். அன்னைக்கு விட்டா உறையூர்ல பிலோமின்ராஜ்னு ஒருத்தர் ரெடியா இருக்கார், அவருக்குக் குடுக்க வேண்டியதாயிடும். கோவிச்சுக்காதீங்க."

கோபம் எதற்கு? விஜயதசமி தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, டீயை ஆற்றிக்கொண்டே, "பாப்போம்" என்றார்.

நானே போய் வாங்கியிருந்தால் மறுநாளே வேலை முடிந்திருக்கும். "மெஷினரி சாமானெல்லாம் உனக்குத் தெரியாது, நான் வாங்கிட்டு வரேன்" என்று தலையிட்டார். அதற்குப் பிறகு தொழிற்சாலையில் அவர் விசாரிக்காத ஆளில்லை. கிரேன் ஓட்டுகிறவரிடம் கேட்டார், கேன்டீன்காரரிடம் கேட்டார், எங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வருகிறவரிடம்கூடக் கேட்டார். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் ராத்திரி சாப்பாட்டின்போது எனக்கு ஒப்பித்தார். நாள் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒருநாள் சிங்காரத்தோப்புப் பக்கம் போய், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புப் பெட்டியை வாங்கி வந்தார்.

"கையில எடுத்துப் பாரு, எவ்வளவு கனமா இருக்கு" என்றார்.

அது எஸ்.எஸ்.டி.தான். ஆனால் பழைய ஹார்டு டிஸ்க் இருக்கிற இடத்தில் மாட்டுகிற வகை. எங்கள் லேப்டாப்பின் காலி ஸ்லாட்டுக்குள் போவது சூயிங்கம் பட்டை அளவுக்கு மெல்லிசாக இருக்கும். ஃபோனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இத்துனூண்டு. இதுக்குள்ள அவ்வளவு இடம் இருக்குமா? ஏமாத்துறாங்க பானு."

மாற்றிக்கொண்டு வரச் சொல்லி மூன்று நாள் கெஞ்சினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தது அவருக்கு வசதியாகப் போய்விட்டது என்று தெரிந்ததும் கத்தினேன். அப்புறம்தான் போனார். பெட்டியின் ஸ்டிக்கரை அவர் கிழிக்காமல் வைத்திருந்ததால் கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் மாற்றிக் கொடுத்துவிட்டார். போதாதா இவருக்கு? "பாத்தியா? ஸ்டிக்கரைக் கிழிச்சிருந்தா மாத்தியிருப்பானா?" என்று வாசல்படியில் கேட்டவர், கை கழுவும்போது கேட்டார், படுக்கப் போகும்போதும் கேட்டார். தப்பான சாமானை வாங்கிய கதை எங்கேயோ மறைந்துவிட்டது.

ஆனால் சரியான சாமான் வந்தது ஆயுத பூஜைக்கு முதல்நாள். நான் சின்ன ஸ்க்ரூ டிரைவரைத் தயாராக எடுத்து வைத்திருந்தேன்.

"இப்பவே மாட்டிடலாங்க."

"நாளைக்கு ஆயுத பூஜை. புது சாமானை பூஜையில வைக்காம எப்படி வேலைக்கு எடுக்கிறது?"

"பூஜையில வெச்சா அன்னைக்கு முழுக்கத் தொடக் கூடாதும்பீங்க."

"ஆமா. மறுநாள் காலையில எடுத்துக்கலாம்."

"மறுநாள் காலையிலதாங்க நான் போகணும். மாட்டிப் பாத்து சரியில்லைன்னா மாத்துறதுக்கு நேரம் வேணாமா? கடை எல்லாம் ரெண்டு நாள் லீவு."

"அதெல்லாம் சரியா இருக்கும். பாப்போம்."

பெட்டியை எடுத்துப் பூஜை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். எனக்கு எட்டாத உயரம்.

அன்று எனக்கு வந்த கோபத்தை எழுதிக் காட்ட முடியாது. இந்த மனுஷனுக்கு நான் வேலைக்குப் போவது பிடிக்கவில்லை, அதுதான் விஷயம் என்று முடிவு கட்டினேன். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் இழுத்தடிக்கிறார். விசாரிப்பது, தப்பானதை வாங்குவது, பூஜையில் வைப்பது, எல்லாம் ஒரே திட்டம். கடைசியில் நேரம் தவறிப்போனால் "நான் என்ன பண்றது பானு" என்று கையை விரித்துவிடுவார். பிலோமின்ராஜ் என்கிற முகம் தெரியாத ஒருவர் என் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். 

பூஜை அன்று நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. கொண்டைக்கடலை சுண்டலைத் தாளித்து, பொரியைத் தட்டில் கொட்டி, "இந்தாங்க" என்று வாசலில் வைத்தேன். அவர் உள்ளே சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார். "லேப்டாப்புக்கு வைக்கல, பயப்படாத" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.  கற்பூரம் காட்டும்போது மட்டும் போய், எதையும் பார்க்காமல் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

விஜயதசமி காலையில் குளித்து, விளக்கேற்றி, காலண்டரில் நல்ல நேரம் பார்த்து, அப்புறம் லேப்டாப்பைக் கவிழ்த்தார். என்னைத் தொடவிடவில்லை. "ஸ்க்ரூ ஸ்லிப் ஆயிடும், நீ தள்ளு" என்றார். கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு சம்படத்தில் போட்டார். காலி ஸ்லாட் இருந்தது, அதில் அந்தப் பட்டையைச் சொருகினார், சின்ன ஸ்க்ரூவை முறுக்கினார். மூடி போட்டு ஆன் செய்தோம். பழைய டிரைவ் அதே சிவப்புக் கோட்டோடு வந்தது. புதியது வரவில்லை.

மெஷினின் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தேன். அந்த ஸ்லாட்டுக்கு நேரே காலி என்றே இருந்தது.

"அப்பவே சொன்னேன்ல, இத்துனூண்டு இருக்குன்னு" என்றார்.

"ஏதாவது பிளாஸ்டிக் கவரோட மாட்டிட்டீங்களா?"

"என்னை என்னன்னு நினைச்சே?" என்று கோபித்துக்கொண்டார். ரிமோட் அவர் பக்கத்திலேயே கவரோடு கிடந்தது.

மறுபடி திறந்தார், கழற்றினார், மாட்டினார். இல்லை. கடைக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை, எப்படி எடுப்பார்கள், லீவு. மூன்றாவது தடவை திறக்கப் போனவரின் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கினேன்.

"கிளம்புங்க. வர்றது வரட்டும், அங்க போய்ச் சொல்லிட்டு வந்துடுறேன்."

மூடியை இரண்டே ஸ்க்ரூவில் நிறுத்தி, மீதியைச் சம்படத்தோடு பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினேன். வழியெல்லாம் முதல்நாள் உடைத்த பூசணிக்காய். பால்பண்ணை ரவுண்டானாவில் ஒரு துண்டின் மேல் சக்கரம் ஏறி வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. இரண்டு காலையும் ஊன்றி நிறுத்தினார். "நல்லா பிடிச்சிக்க" என்றார். நான் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டேன், அவரைப் பிடிக்கவில்லை.

"நேத்தே மாட்டிப் பாத்திருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?" என்று சஞ்சீவி நகர் சிக்னலில் கேட்டேன். பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தார். காவிரிப் பாலத்தில் ஏறியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு வருஷம் கழித்து ஒருத்தி என்னை ஞாபகம் வைத்துக் கூப்பிட்டிருக்கிறாள், ஒரு சூயிங்கம் பட்டையால் அது கெட்டுப்போகிறதே என்று அழுதேன். அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் துடைத்துக்கொள்ள வேண்டிய அவசியம்கூட இல்லை.

அம்மா மண்டபம் ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் தேவதர்ஷினியின் ஆபீஸ். அவரும் என் பின்னாலேயே படியேறி வந்து நின்றார். தேவதர்ஷினி லேப்டாப்பைத் தானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தாள்.

"டிரைவே காட்டலையேக்கா. இங்க ஸ்பேரும் ஒண்ணும் இல்ல." கடிகாரத்தைப் பார்த்தாள். "சாஃப்ட்வேர் ஏறுறதுக்கே நேரம் ஆகும். தப்பா நினைக்காதீங்க, பிலோமின்ராஜை ஒரு வார்த்தை கேட்டு வெச்சுக்கிறேன்." ஃபோனை எடுத்தாள்.

"ஒரு பத்து நிமிஷம் குடு தர்ஷினி" என்றேன்.

மேசை விளக்கை இழுத்து வைத்து நானே மூடியைக் கழற்றினேன். நானே அந்தப் பட்டையை வெளியே எடுத்தேன். வாங்கி வந்ததிலிருந்து அதை என் கையில் பிடிப்பது அதுதான் முதல் தடவை. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் லேசாக ஒரு வாசனை வந்தது. கடைச் சாமானில் வருகிற வாசனை இல்லை. திருப்பினேன். ஸ்லாட்டுக்குள் போகிற முனையில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள் இருக்கும். அந்தப் பற்களின் நடுவில், மஞ்சளாகக் காய்ந்த ஒரு வட்டம், அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி.

"ஏங்க, இது என்ன?"

குனிந்து பார்த்தார். "பொட்டு" என்றார்.

"தெரியுது. இதுல எதுக்கு வெச்சீங்க?"

"லேப்டாப்புக்கு வைக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே. அதுக்கு வைக்கல. இதுக்கு லேசா ஒண்ணு வெச்சேன். நேத்து ஃபேனுக்கு அடியில காய வெச்சு, அப்புறம்தான் பெட்டிக்குள்ள வெச்சேன்."

"மேல இவ்வளவு இடம் இருக்கே. இந்தப் பல்லு மேலதான் வைக்கணுமா?"

"அது ஸ்டிக்கர் பானு. ரெண்டு பக்கமும் ஸ்டிக்கர். ஸ்டிக்கர் கெட்டுப்போனா வாரண்டி இல்லேன்னு போட்டிருக்கான். ஸ்டிக்கர் இல்லாத இடம் அது ஒண்ணுதான்."

தேவதர்ஷினி ஃபோனை மேசையில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயமாக இருந்தது. "கீழ போய் உக்காருங்க" என்று மட்டும் சொன்னேன். போனார்.

டிராயிங் மேசைப் பென்சில் டப்பாவில் ஒரு நல்ல ரப்பர் இருந்தது. அந்தப் பொட்டை அழுத்தித் தேய்த்து அழித்தேன். பல் இடுக்கில் இருந்ததைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டினேன். ஸ்லாட்டுக்குள்ளும் பிரஷ்ஷை விட்டு ஊதினேன். பற்கள் பளபளவென்று ஆனதும் மாட்டி ஆன் செய்தேன். புதிய டிரைவ் வந்து நின்றது, முழுவதும் காலியாக. தேவதர்ஷினி சாஃப்ட்வேரை அதில் ஏற்ற ஆரம்பித்தாள். பிலோமின்ராஜுக்குப் போக இருந்த ஃபோன் போகவில்லை.

மதியம் கம்பெனிக்காரர்கள் ஆன்லைனில் வந்தார்கள். மாடலைத் திறந்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். ஒரு வால்வின் கைப்பிடி சுவரைப் பார்த்து இருந்தது. யார் கையும் நுழையாது, எப்படித் திறப்பார்கள் என்று கேட்டேன். அந்தப் பக்கம் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதைத் திருப்பிப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. வேலை எனக்குத்தான் என்று தேவதர்ஷினி சொன்னபோது மணி என்ன என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

கீழே வந்தால் மருந்துக்கடை நிழலில் ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை.

"என்ன ஆச்சு?"

"கிடைச்சிடுச்சு."

"அப்ப சரி" என்றார். வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

அவ்வளவுதான். இரண்டு வார்த்தை.  சந்தோஷமான நாளில்கூட ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத ஜென்மம் என்று காட்டூர் வரும்வரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் சாம்பாருக்குக் காய் நறுக்கப் பூஜை இடத்திலிருந்து அருவாமனையை எடுத்து வந்தேன். விஜயதசமி அன்று அருவாமனையைத் தொட்டால் கையெல்லாம் சந்தனமாகும், முதலில் அதைக் கழுவ வேண்டும். குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரைத் திறந்தேன். கழுவ ஒன்றும் இல்லை. பலகையில் பொட்டு இல்லை, வெட்டுவாயில் இல்லை. திரும்பிப் போய்க் கத்தியைப் பார்த்தேன். அதிலும் இல்லை. மிக்ஸிக்கு இருந்தது, இன்வெர்ட்டருக்கு இருந்தது, அவர் ஸ்பேனர் ஒவ்வொன்றுக்கும் இருந்தது.

வேற என்ன இருக்கு என்று அன்றைக்கு யோசித்துப் பார்த்த மனுஷன், இந்த வருஷமும் யோசித்துப் பார்த்திருக்கிறார். என் பங்குக்கு ஒன்று இருந்தது. அதில் வைத்திருக்கிறார். அதை நான்தான் ரப்பர் போட்டு அழித்திருக்கிறேன்.

காயை அப்படியே விட்டுவிட்டுச் சந்தனத்தைக் கொஞ்சம் குழைத்தேன். அவர் கவர் போட்ட ரிமோட்டை நகத்தால் குத்திக்கொண்டிருந்தார். லேப்டாப்பை மூடி அவர் மடியில் வைத்தேன், கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன்.

"வைங்க" என்றேன்.

என்னைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்து, மேலும் கீழும் திருப்பி, ஸ்டிக்கர் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.

"மூடி மேல வைங்க, நடுவுல, பெருசா" என்றேன். "அதோட வாரண்டி எப்பவோ முடிஞ்சுபோச்சு."